ஆணியடித்த கதவு

ஆம்பூரில் பில்கிஸ் பிறந்து வளர்ந்த இடத்தில் பெண்களுக்குத் தெரு என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் பின்கட்டுச் சுவரில், குனிந்து போகிற உயரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. கிட்கி என்பார்கள். தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணம் சால்னா கொண்டுபோக வேண்டுமானால், வீடு வீடாகக் குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் நாலு வார்த்தை பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். சால்னா ஆறிப்போயிருக்கும், அது வேறு விஷயம். கிட்கியைத் தட்டிவிட்டு உள்ளே போகிற வழக்கமும் கிடையாது. தட்டினால்தான், "இன்னாடி, எங்க மேல எதுனா கோவமா?" என்று கேட்பார்கள்.

அப்படி வளர்ந்த பெண்ணை வேலூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜெர்மன் சண்டை முடிந்த புதிது. சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தோல் அனுப்பியே மாடிவீடு கட்டியவர்கள் வேலூரில் சந்துக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான மக்பூல் அகமதுவின் தோல் மண்டியில் மாப்பிள்ளை ரஃபி அகமதுவுக்கு வேலை. வந்து இறங்கும் பச்சைத் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பான். கையில் அவ்வளவு நிதானம் உள்ளவனுக்கு நெஞ்சில் மட்டும் எப்போதும் படபடப்பு. முதலாளி இருமினால் இவன் தொண்டையைச் செருமிக்கொள்வான். தாய் தகப்பன் இல்லாமல் பத்து வயதிலிருந்து அந்த மண்டியின் நிழலிலேயே வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், முதலாளிக்குச் சொந்தமான வீடுகளில் ஒன்றில்தான் குடித்தனம். வந்து இறங்கியதும் பில்கிஸ் பின்கட்டைத்தான் பார்த்தாள். சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பெரிய ஊர் என்று பயமுறுத்தினார்களே, இங்கேயும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வியாழக்கிழமை பாத்தியா ஓதி மலீதா செய்தாள். ரொட்டியை உதிர்த்து, வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த இனிப்பு. புதுக்குடித்தனத்தில் முதலில் செய்யும் இனிப்பு கிட்கி வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஆம்பூர் வழக்கம். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலும், கையில் பித்தளைத் தட்டுமாக, தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரம்மா!" என்று குரல் கொடுத்துக்கொண்டே குனிந்து போனாள். நிமிர்ந்தபோது எதிரே நாலு ஆண்பிள்ளைகள், இடுப்பில் ஒரு துண்டோடு, சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அது வீடே இல்லை. மண்டியில் மூட்டை சுமக்கும், எடை போடும் வெளியூர் ஆட்கள் சேர்ந்து பொங்கித் தின்னும் அறை. அதன் வாசல் அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்தது. எப்போதோ இரண்டும் ஒரே வீடாக இருந்ததில் மிச்சம் நின்ற கதவு அது. பில்கிஸ் அப்போதே திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் பதறிய வாய்க்கு என்ன தெரியும்? "வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஒருவன் வாயிலிருந்த சோற்றை விழுங்க முடியாமல் விழித்தான். அவர்களில் இளையவன்தான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "எல்லாரும் திரும்புங்கப்பா" என்றான். அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

அந்தத் தட்டுதான் மானத்தை வாங்கியது. அதன் விளிம்பில் ரஃபியின் தகப்பனார் பேர் வெட்டியிருந்தது. மறுநாள் காலை மண்டியில் நாலு வியாபாரிகள் உட்கார்ந்திருந்த நேரத்தில், மூட்டைக்காரர்களில் மூத்தவன், பாவம், நல்ல எண்ணத்தோடுதான், தட்டைக் கழுவிக் கொண்டுவந்து, "பாய், உங்க வீட்டம்மா குடுத்தாங்க, இனிப்பு ரொம்ப நல்லா இருந்துது" என்று எல்லார் முன்னாலும் நீட்டினான். மக்பூல் அகமது தாடியைத் தடவிக்கொண்டார். "ரஃபி, வீட்டைக் கட்டுப்பாடா வெச்சிக்கத் தெரியலன்னா மாமனார் வீட்டுக்கு அனுப்பிடு. என் வீடுங்க இருக்கிற சந்து அது" என்றார்.

ரஃபி வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போனான். ஒரு பலகையைக் கதவுக்குக் குறுக்கே வைத்து, தோலை விரித்து அடிக்கும் நீள ஆணிகளை எடுத்து, இரண்டு பக்கமும் நிலையோடு சேர்த்து அறைந்தான். பிறகு சுத்தியலைக் கீழே வைக்காமலேயே சொன்னான்.

"இன்னொரு தடவை என் தலை குனியற மாதிரி எதுனா நடந்தா, ஆம்பூர் ரயில்ல ஏத்தி விட்டுடுவேன் பில்கிஸ். திரும்பக் கூப்பிட வர மாட்டேன். அல்லா மேல ஆணை."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அக்காவை அப்படித்தான் ஒரு நாள் ஜட்கா வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இப்போதும் அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. பில்கிஸ் இரவெல்லாம் அக்காவின் முகத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலூரைப் படிக்கத் தொடங்கினாள். சொல்லிக்கொடுத்தவள் இடப்பக்கத்து வீட்டுக் கிழவி பக்ருன்னிசா. சின்னம்மா முறை வைத்து பில்கிஸ் அவளைக் காலா என்று கூப்பிடுவாள். அவள் புருஷனும் அதே மண்டியில்தான் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தலை உயரச் சுவர். அந்தப் பக்கம் அவள் உரல் மேல் ஏறி நின்றால் முகம் மட்டும் இங்கே தெரியும். ஊர் வம்பு முழுவதையும் அந்த முகம்தான் ஏந்தி வரும்.

"இது உங்க ஊரு மாதிரி இல்ல மவளே. சொவத்துக்கு அந்தாண்ட யாரு அழறா, யாரு சிரிக்கிறா, நமக்கு இன்னாத்துக்கு? காது கேட்டாலும் கேக்காத மாதிரி இருக்கணும். அப்பதான் பேஜார் இல்லாம காலம் தள்ளலாம்."

பில்கிஸ் கற்றுக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவரும் பிஸ்தி வாசலில் "பர்தா!" என்று கத்தினால் உள்ளறைக்குப் போய்விடக் கற்றுக்கொண்டாள். வலப்பக்கத்தில் தினம் ஒரு பெண் அடி வாங்கும் சத்தத்துக்கு, குழம்பைக் கிளறிக்கொண்டே இருக்கக் கற்றுக்கொண்டாள். பின்சுவருக்கு அப்பால் அந்த ஆட்கள் பேசுவதும் தும்முவதும் கேட்கும். ஆம்பூராக இருந்தால் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து துவா சொல்லுவார்கள். இங்கே அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சில நாள் கழித்து உதட்டைக் கடிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட வந்தது. ரஃபியும் முகம் கொடுத்துப் பேசத் தொடங்கினான். ஒருநாள் பஜாரிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்தான்.

ஐப்பசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. கோட்டைப் பக்கம் இரண்டு பேர், கஸ்பாவில் ஒரு குடும்பம் என்று பக்ருன்னிசா தினமும் சுவருக்கு மேல் கணக்குச் சொன்னாள். முனிசிபாலிட்டி வண்டி வந்து ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், ஊருக்கு வெளியே கொட்டகையில் தள்ளிவிட்டு, இருந்த இடத்தைப் பூட்டி சீல் வைத்துவிடுகிறது என்றாள். ஒரு மண்டியையே மூடிவிட்டார்களாம்.

அன்று காலை ரஃபி வேலைக்குப் போன பிறகு பில்கிஸ் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் வழக்கத்துக்கு மாறான குசுகுசுப்பு. "சத்தம் போடாம படுத்துனு இரு. சாயந்தரம் வந்து பார்க்கறோம்" என்று ஒரு குரல். "தண்ணிப் பானையை எடுத்துடு. குடிச்சான்னா போய்டுவான்" என்று இன்னொன்று. பிறகு கதவு சாத்தும் சத்தமும், பூட்டுப் பூட்டும் சத்தமும். அப்புறம் யாரோ வாந்தி எடுத்தார்கள்.

பில்கிஸ் அரிசியை உலையில் போட்டாள். விறகைத் தள்ளி வைத்தாள். நமக்கு இல்லை, நமக்கு இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"தண்ணி" என்றது அந்தக் குரல்.

பெரிதாகக் கத்தவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவன் கேட்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "யாராச்சும்... கொஞ்சம் தண்ணி." எல்லாரையும் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்ன இளையவனின் குரல்தான். பேச்சைக் கேட்டுக் கேட்டு அவன் பேர் பஞ்சாட்சரம் என்பதும், திமிரிப் பக்கத்திலிருந்து எடை போடும் வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்காத மாதிரி இருக்கக் கற்ற காதில் இதெல்லாம் எப்படித்தான் ஏறியதோ!

அவள் ஓடிப்போய் இடப்பக்கச் சுவரைத் தட்டினாள். பக்ருன்னிசாவின் முகம் மேலே வந்தது.

"காலா, பின்னால அந்தப் பையன் தண்ணி தண்ணின்னு கேக்கறான். பூட்டிட்டு எல்லாரும் போய்ட்டாங்க."

"மெதுவா பேசுடி. ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சாம். முதலாளிதான் பூட்டச் சொன்னாராம். முனிசிபாலிட்டிக்குத் தெரிஞ்சா மண்டிக்குச் சீல் வெச்சிடுவான். அப்புறம் உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் சந்துல உக்காந்து ஈ ஓட்டணும்."

"ஒரு வாய் தண்ணியாச்சும்..."

"பேதிக்காரனுக்குத் தண்ணி குடுத்தா அந்த நிமிஷமே போய்டுவான், தெரியாதா உனக்கு? பெரியவங்களே அதான் பானையை எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீ ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் கேக்கல. போய் அடுப்பைப் பாரு."

முகம் இறங்கிவிட்டது. பில்கிஸுக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கிழவி மேல் இல்லை, அவள் சொன்னது பாதி நியாயமாகப் பட்டதே, அதன் மேல். மண்டியை மூடினால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? தண்ணீர் கொடுத்து அவன் செத்துப்போனால் அந்தப் பாவம் யார் தலையில் விழும்? எல்லாவற்றுக்கும் மேலே, குறுக்கே அறைந்த பலகை இருந்தது. அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்திய காதுக்குள்ளும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு குரல் நின்றுவிட்டது. தூங்கிவிட்டான் என்று நினைத்து மூச்சு விட்டாள். சோறு கொதித்தது. உப்புப் போட்டுக் கஞ்சி வடித்தாள். அப்போதுதான் பின்கதவில் ஏதோ பிறாண்டுவது கேட்டது. எலி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் நாலு விரல் தெரிந்தது. நகமெல்லாம் நீலம் பாரித்து, தோல் சுருங்கிக் கிடந்தது. ஊர்ந்து வந்திருக்கிறான். விரல்கள் தரையைத் தடவின. தடவிவிட்டு அப்படியே கிடந்தன.

பில்கிஸ் சொம்பில் தண்ணீர் மொண்டு, உட்கார்ந்து, அந்தச் சந்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கதவைத் திறக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தண்ணீர் தானாக ஓடியது என்று அல்லாவிடம்கூடச் சொல்லலாம் என்று நினைத்தாள். தண்ணீர் புழுதியைக் கரைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. விரல்கள் மறைந்தன. பிறகு ஒரு சத்தம் வந்தது. மண்ணோடு சேர்த்து அவன் தரையை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. நாய்க்குக்கூடச் சட்டியில் வைப்போமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அக்காவின் முகம் ஒரு தடவை கண்முன் வந்து நின்றது. வந்தது வரட்டும், இதைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் இருப்பதைவிட அப்பா வீட்டு அடுப்பங்கரை மூலை மேல் என்று நினைத்தாள். எழுந்து போய், கொத்துக்கறி போடும் கத்தியையும் அம்மிக் குழவியையும் எடுத்து வந்தாள்.

கத்தியைப் பலகைக்குப் பின்னால் செருகிக் குழவியால் அடித்தாள். ரஃபி அறைந்த ஆணி லேசில் விடுமா? சந்து முழுக்கச் சத்தம் எதிரொலித்தது.

"இன்னாடி சத்தம் அது?" என்று சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"மசாலா இடிக்கிறேன் காலா!"

"மசாலாவா, மலையை இடிக்கிறியா?"

ஒரு பக்கம் பலகை பிளந்தது. மறுபக்கத்தைச் சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். புது வளையலில் இரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறியது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கதவைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் நிலைப்படியில் தலை வைத்துக் குப்புறக் கிடந்தான்.

அந்த நாற்றத்தைச் சொல்லி முடியாது. தோல் மண்டிக்காரன் பெண்டாட்டிக்கே குமட்டியது. அவனுடைய தோளைப் பிடித்துப் புரட்டினாள். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், கிழவன் மாதிரி இருந்தான். குடத்தில் தண்ணீர் அடியில்தான் இருந்தது. பிஸ்தி இன்னும் வரவில்லை. கைக்குக் கிடைத்தது வடித்துவைத்த கஞ்சிதான். ஆறியிருந்தது. குவளையில் மொண்டு, நிலைப்படியைத் தாண்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக் குடித்தான். குடித்த அதே வேகத்தில் எல்லாவற்றையும் கக்கினான். உடம்பு முறுக்கிக்கொண்டது.

கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். பக்ருன்னிசா சொன்னது பலித்துவிட்டது. சாகிறவர் காதில் ஓதும் கலிமாவைச் சொல்ல வாயெடுத்தவள், இவன் இந்துவாயிற்றே, இவனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "இன்னும் கொஞ்சம்" என்றான்.

இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒரு வாய், சற்று நேரம், இன்னொரு வாய். தங்கியது. மறுபடி கொஞ்சம். அவனுடைய கை அவளுடைய முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, போய்டாதீங்க."

"இங்கதான் இருக்கேன். பேசாம குடி."

"என்னைக் கொட்டகைக்கு அனுப்பிடாதீங்க அக்கா. இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது."

எனக்கு மட்டும் யாரைத் தெரியும் என்று அவள் நினைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. இன்னொரு வாய் கொடுத்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, அந்த அறையின் தெருப்பக்கக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அவள் முந்தானையை உருவிக்கொண்டு எழுந்தாள். குவளையை அங்கேயே விட்டுவிட்டாள். இந்தப் பக்கம் குதித்து, கதவைத் தள்ளிச் சாத்தி, முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றாள். எதிரே ரஃபி நின்றிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிளந்த பலகையைப் பார்த்தான். தரையில் கிடந்த ஆணிகளைப் பார்த்தான். அவளுடைய நனைந்த புடவையையும் கையில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு வருகிற பயம்.

"இன்னா பண்ணிட்டே பில்கிஸ்?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து மக்பூல் அகமதுவின் குரல் கேட்டது. "எவன் இந்தக் கதவைத் திறந்தது? குவளை யாருது? ரஃபி! ரஃபி வீட்டுப் பக்கம்தானே இது?" யாரோ கதவைத் தள்ளினார்கள். அவள் முதுகில் கதவு இடித்தது. அவள் காலை ஊன்றித் தாங்கினாள். எவ்வளவு நேரம் தாங்க முடியும்?

ரஃபி இரண்டு எட்டில் வந்து அவளுடைய தோளைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தப்போகிறான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவளை அடுப்பங்கரைப் பக்கம் தள்ளினான். "உள்ள போ. மூச்சு விடாதே" என்றான். பிறகு கதவைத் திறந்துகொண்டு குனிந்து போனான்.

அடுப்புக்குப் பின்னால் நின்று அவள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

"நான்தான் முதலாளி."

"நீயா? நீ இப்பதானே மண்டியை விட்டுக் கிளம்பினே?"

"வந்ததும் முனகற சத்தம் கேட்டுது. மனசு கேக்கல. உடைச்சிட்டேன்."

"பேதிக்காரனுக்குக் கஞ்சி குடுத்தியா? உனக்கு அறிவு இருக்குதா?"

அப்போது பஞ்சாட்சரம் முனகினான். "அக்கா... அக்கா எங்க?"

பில்கிஸ் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். முதலாளி மெல்லக் கேட்டார்.

"எந்த அக்கா, ரஃபி?"

"ஜுரம் முதலாளி. பிதற்றறான். வந்ததுல இருந்து அக்கா அம்மான்னு ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கூப்பிட்டுனு இருக்கான்."

பொய் சொல்லத் தெரியாதவன் என்று அவள் நினைத்திருந்த ஆள், தோலுக்குத் தரம் சொல்வதுபோல அதைச் சொன்னான். முதலாளி நம்பினாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். அத்தர் போட்ட கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, தெருவாசலைத் தாண்டாமலேயே பேசியிருக்க வேண்டும், குரல் அடைத்திருந்தது.

"சரி, நகரு. வண்டி நிக்குது. ஆவாரம்பட்டை மூட்டைங்களுக்கு நடுவுல போட்டு இவனைத் திமிரிக்கு அனுப்பிடலாம். முனிசிபாலிட்டி ஆளு சாயந்தரம் இந்தத் தெருவுக்கு வர்றானாம்."

"வழியிலயே போய்டுவான் முதலாளி."

"போனா அவன் விதி."

அதோடு ரஃபி விட்டிருக்கலாம். அவன் தலை தப்பியாயிற்று. பெண்டாட்டியின் பேரும் தப்பியாயிற்று. அவன் சரி என்று சொல்லப்போகிறான் என்று பில்கிஸ் காத்திருந்தாள். அவன் செருமினான். மறுபடி செருமினான்.

"என் வீட்டுக்குள்ள எடுத்துக்கறேன்" என்றான். "பின்கட்டுல போட்டுக்கறேன். இந்த அறையைக் கழுவி சுண்ணாம்பு அடிச்சிட்டா, வர்றவனுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துப்பியா? வீட்ல பொம்பளை இருக்குது."

"நான் பார்த்துக்கறேன் முதலாளி."

"அப்ப மண்டிப் பக்கம் வராதே. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் வராதே. செத்தான்னா நீதான் பதில் சொல்லணும், நான் இல்ல" என்றார் மக்பூல் அகமது. ஆட்கள் நகரும் சத்தமும், பூட்டும் சத்தமும் கேட்டது.

பில்கிஸ் உள்ளறைக்குப் போனாள். அவன் முதலாளியிடம் பொய் சொன்னது தன் மானத்துக்காகத்தான், அதற்கான விலை இனிமேல்தான் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆணையிட்டுச் சொன்னவன். இப்போது வேலையும் ஊசலாடுகிறது. அவனாகச் சொல்லி, அதைக் காதால் கேட்பானேன் என்று தகரப்பெட்டியைத் திறந்து புடவைகளை மடித்து வைத்தாள். பின்கட்டில் பாயை இழுக்கும் சத்தமும், தண்ணீர் ஊற்றும் சத்தமும், ரஃபி குமட்டும் சத்தமும் கேட்டன. அவன் வாழ்நாளில் யாருக்கும் கால் கழுவிவிட்டவன் இல்லை. உதவிக்குப் போகலாமா என்று எழுந்தாள். போக பயமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து ரஃபி வந்து அறை வாசலில் நின்றான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பெட்டியைப் பார்த்தான்.

"காலை ரயிலுக்கு நானே கிளம்பிடறேங்க" என்றாள். "நீங்க கொண்டுவந்து விட வேணாம். உங்க பேச்சு உங்களுக்குப் பெருசு, எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பையன் தரையை நக்கிக் குடிச்சான். நான் கேட்டேன். அதுக்கு மேல என்னால முடியல."

நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளத்தான் வார்த்தை தேடுகிறான் என்று அவள் நினைத்தாள்.

"எனக்கும் கேக்கும்" என்றான் கடைசியில். "வலப்பக்கத்து வீட்ல அந்தப் பொண்ணு அடி வாங்கறது தினம் எனக்கும் கேக்கும், பில்கிஸ்."

பின்கட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. ரஃபி கையிலிருந்த குவளையை அவளிடம் நீட்டினான். கஞ்சி நிரம்பியிருந்தது, குறையவே இல்லை.

"நான் குடுத்தா பல்லைக் கடிச்சிக்கறான். முதலாளி ஆளுன்னு பயப்படறான் போல" என்றான். "முக்காடு போட்டுக்க. உன் தம்பி உன்னைத்தான் கேக்கறான்."

அவள் எழுந்து குவளையை வாங்கிக்கொண்டாள். அவன் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அவளுக்கு வழி விட்டான்.